ஆனந்த குமாரசுவாமியும் அம்பலக்கூத்தும்

சைவசித்தாந்தப் பொருளை ஆங்கிலம் வல்லார்க்கு உணர்த்துதல் வேண்டி, திருவாளர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-ம் ஆண்டில் தொடங்கியது சித்தாந்த தீபிகை என்னும் திங்கள் வெளியீடு. அதன் பதின்மூன்றாந் தொகுதியைப் புரட்டுவார், 1912-ம் ஆண்டு ஜூலை மாதத்து இதழில் கூத்தப்பெருமானது திருநடனத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் காண்பர். பின்னர்ப் பலகால் அச்சேறி, பிறமொழிகளிலும் பெயர்ந்து, ஐரோப்பா அமெரிக்கா முதலிய கண்டங்களிலுள்ள கலைவாணர் பலர்க்கும் தில்லைக்கூத்தின் பொருளை முதன்முதல் அறிவித்த கட்டுரை அதுவே. அது சைவப் பத்திரிகை ஒன்றில் முதற்கண் வெளிவந்ததென்பதை அதனைப் படிப்பாருட் பலர் அறியார். எழுதினவரோ திருமடத்திற் பயின்றவரல்லர். தமிழை முறையாகக் கற்றவருமல்லர். இங்கிலாந்தில் வளர்ந்து, கல்லும் மண்ணும் ஆராயும் நூலில் தேர்ச்சிபெற்ற ஒருவர். அவர்தாம் டாக்டர் ஆனந்த குமாரசுவாமி. அவர் அம்பலத்தின் வாயிலை எவ்வாறு வந்தடைந்தார், நம் சித்தாந்தத்தோடு எவ்வளவு ஒத்தார், எங்கே வேறுபட்டார் என்பவற்றை ஈண்டுச் சிறிது உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1877-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிருபண சபையில் அங்கத்தினராய் விளங்கிய தமிழ்ப் பெருமகனார். கிறித்துவரும் யூதருமல்லாதாருள் முதன்முதல் இங்கிலாந்தில் நியாயவாதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அவரே என்பர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863-ல் வெளியிட்டார். பாலிமொழியிலுள்ள சுத்தநிபாதத்தை 1874-ல் மொழிபெயர்த்தார். சர் பொ. இராமநாதன், சர் பொ. அருணாசலம் என்னும் இருவரும் இவர்தம் உடன்பிறந்தாரின் மக்களாவர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. அவர் பிறந்த கென்ட் நாட்டின் நினைவாகவே மகனார்க்குக் கெந்திஷ் என்னும் இடைப்பெயரும் வழங்கிற்று. இரண்டு வயது நிரம்புமுன்னரே குழந்தையை அன்னையார் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்தொடரக் கருதியிருந்த தந்தையார் 1879-ம் ஆண்டு மே மாதத்தில், கப்பலேறுதற்கு முன்னரே காலமாயினார். ஆகவே தந்தையின் மொழியும் சமயமும் இவர் செவியில் இளமையில் வீழ்ந்தில. இக்குறை வாழ்நாளிறுதிவரை இவரைத் தொடர்ந்தது என்பது எம் கருத்து. அதனைப் பின்னர்க் காண்போம்.

குளோஸ்டர்ஷயர்ப் பகுதியிலுள்ள விக்ளிப் கல்லூரியிற் பயின்று, பின் இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியிற் சேர்ந்து, நிலநூலிலும் பயிர்நூலிலும் 1900-ல் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையிற் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னும் கதிர்வீசும் கனியம் 1904-ல் இவரால் அறியப்பட்டது. இலண்டன் சர்வகலாசாலை 1906-ல் விஞ்ஞான டாக்டர்ப் பட்டம் நல்கிற்று. இவ்வழியே சென்றிருப்பின் நிலநூலார் மட்டுமே இவரை நினைவு கூர்வர்.

கனியந் தேடி ஊர்தோறும் நடந்தவர் கண்டது வேறொன்று. மலைநாட்டுச் சிற்றூர்களில் பொற்கொல்லர், தச்சர், கன்னார், சித்திரகாரர், நெசவாளர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில்கள் அவர் கண்ணெதிரே மாய்ந்துகொண்டிருந்தன. கண்டி அரசு 1815-ல் வீழ்ந்தபின் அரசரும் விகாரைகளும் கம்மியர்க்கு அளித்திருந்த நிலமானியங்களும் ஊழியமுறைகளும் சிதைந்தன. தொழிலாளன் தன் நிலத்தில் விளைந்ததை உண்டு, அவசரமின்றிப் பணிசெய்த காலம் போயிற்று. கப்பலில் வந்த மலிவுச் சரக்கும் இரசாயனச் சாயமும் மற்றதைச் செய்தன. அந்நாட்டவர் ஐரோப்பிய உடையிலும் நடையிலும் மயங்குதலைக் கண்டித்து, இரவல் இறகுகள் எனப் பொருள்படும் பெயரோடு சிறு வெளியீடொன்றை இவர் கண்டியில் 1905-ல் வெளியிட்டார். கலையின் கேட்டை வறுமையின் விளைவென்று மட்டுங் கருதாமல், தன்மதிப்பிழந்தமையின் விளைவென்று கண்டது இவரது தனிச்சிறப்பு.

இந்த ஆராய்ச்சியின் பயன் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். முதல் மனைவியாரான எதெல் பார்ட்ரிட்ஜ் அம்மையார் எடுத்த நிழற்படங்கள் அதனை அணிசெய்கின்றன. இங்கிலாந்தில் பிராடு காம்டன் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்திலேயே, வில்லியம் மாரிஸ் என்னும் பெரியார் முன்பு கையாண்ட கையச்சு இயந்திரத்தைக் கொண்டு, 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை பதினைந்து திங்கள் உழைத்து 425 பிரதிகளே அச்சிடுவித்தார். கைத்தொழிலின் மேன்மையைக் கூறும் நூல் கைத்தொழிலாலேயே ஆகவேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இத்துணை ஒற்றுமை அரிது.

அந்நூலில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, திருவுருவிற்குக் கண்ணெழுதும் சடங்கைப் பற்றிய பகுதி. உருவம் முழுதும் முடிந்த பின்னரும் கண் எழுதப்படும்வரை அது செம்பும் சுண்ணமும் கல்லுமே. நல்ல ஓரை பார்த்து, காப்புச் சடங்குகள் செய்து, கம்மியன் கண்ணெழுதிய பின்னரே அது வணக்கத்திற்குரியதாகும். பௌத்த விகாரையில் நிகழும் இதனைப் படிக்குங்கால், நம் ஆகமங்கள் விதிக்கும் நயனோன்மீலனம் நினைவிற்கு வாராதிராது. தபதி கண் திறந்தபின் சிறப்புச் செய்யப்பெற்று விலகுகின்றார்; ஆசாரியர் மேற்கொள்கின்றார். அவ்வளவில் உலோகம் என்னும் பெயர் நீங்கித் திருமேனி என்னும் பெயர் எய்துகின்றது. இவ்வொரு செய்தியை உள்ளத்திற் கொண்டால், இவர் பிற்காலத்து எழுதிய நூல்களனைத்தும் இதன் விரிவுரையே என்பது புலனாகும். உருவம் பார்ப்பார் கண்ணுக்கு விருந்தாகச் செய்யப்பட்டதன்று. ஒரு பயன் குறித்து, ஒரு விதிப்படி, ஒரு தியானத்தினின்றும் தோன்றியது. அப்பயனை நீக்கி அழகை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்தல், உயிரை நீக்கி உடலைப் புகழ்தல் போலும்.

அக்காலத்து ஆங்கிலேயர் அழகையேனும் ஒப்புக்கொண்டனரோ எனின், பலர் அதுவும் செய்திலர். இந்தியத் தொழிற்கலைகளை வியந்து 1880-ல் நூலெழுதிய சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார், சிற்பம் ஓவியம் என்னும் நுண்கலைகள் இந்நாட்டில் இல்லையென்றே சாதித்தார். 1910-ம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் ஹாவெல் என்பார் இந்தியக் கலையைக் குறித்துப் பேசிய அவையில், தியானத்தமர்ந்த புத்தர் உருவமொன்றைச் சுட்டி, வேகவைத்த கொழுப்புமாப் பண்டத்திற்கு அதனை ஒப்பிட்டு இகழ்ந்தார் அப்பெரியவர். அவ்விகழ்ச்சியே நன்மையாயிற்று. ஹாவெல், ரோதன்ஸ்டைன் என்னும் ஓவியர், நம் குமாரசுவாமி முதலியோர் கூடி அவ்வாண்டிலேயே இந்தியச் சங்கம் ஒன்றை இலண்டனில் நிறுவினர்.

ஆயினும் நம்மவர் செய்வதனைத்தையும் இவர் பாராட்டினாரல்லர். இரவிவர்மாவின் ஓவியங்களில் தெய்வங்கள் நாடகமேடை நடிகரைப் போல நிற்கின்றன என்றும், மேனாட்டு முறையை மேற்பூச்சாகக் கொண்ட அவை நம் மரபின் உயிரற்றன என்றும் கடிந்தார். இதனை எழுதும்போது எமக்கும் சிறிது நாணம் உண்டாகின்றது. அவ்வோவியங்களின் வழிவந்த அச்சுப்படங்களையே நம் இல்லங்களிலும், சில திருமடங்களின் சுவர்களிலும் மாலைசூட்டி வைத்திருக்கின்றோம். கோயிற் கோட்டத்திலுள்ள சோழர்காலத் திருவுருவை எண்ணெய்ப் பிசுக்கேற விட்டிருக்கின்றோம்.

வடநாட்டில் இவர் செய்த பணியைச் சுருக்கிக் கூறுவோம். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினார். அவனீந்திரநாதர், நந்தலால் போஸ் ஆகியோர் புதுநெறி வகுத்த காலம் அது. சகோதரி நிவேதிதை 1911-ல் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த புராணக் கதை நூலை முடித்து 1913-ல் வெளியிட்டார். அலகாபாத்தில் 1910-11-ல் நடந்த பெருங்காட்சியிற் கலைப்பகுதியை மேற்பார்த்தார். அந்நாட்களில் இராஜபுதனத்திலும் இமயச் சாரலிலும் திரிந்து, எவரும் பொருட்படுத்தாதிருந்த சிற்றோவியங்களைத் திரட்டினார். மொகலாயர் அரசவை ஓவியம் வேறு, கண்ணன் லீலையையும் இராகமாலையையும் பொருளாகக் கொண்ட இராஜபுத்திர ஓவியம் வேறு எனப் பிரித்துக்காட்டி, 1916-ல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வளர்ந்தன எனப் பின்வந்தார் அப்பிரிவினையைத் தளர்த்தியுள்ளனர். ஆயினும் முதற்கண் வழிவகுத்தவர் இவரே. தாம் திரட்டியவற்றைக் காசியில் ஒரு தேசீய நூதனசாலை அமையுமாயின் அதற்கு வழங்குவதாகக் கூறினார். அமைப்பதற்கு வேண்டும் பொருளுதவி செய்வார் இந்நாட்டிற் கிடைத்திலர். இதனை எழுதும் கை சிறிது தயங்குகின்றது.

இனி, தொடக்கத்திற் கூறிய கட்டுரைக்கு வருவோம். பொலன்னறுவையிற் சிவாலயத்தைச் சார்ந்து, இவர் காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர், சமயகுரவர் முதலிய செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டன. அவற்றையும் பிறவற்றையும் ஆராய்ந்து இலங்கைச் செப்புத் திருவுருவங்கள் என்னும் நூலை 1914-ல் எழுதினார். அத்தான் முறையினரான அருணாசலமவர்களும் அத்திருமேனிகளைப் பற்றியும் சிவவழிபாட்டைப் பற்றியும் எழுதினார். இத்தகைய சூழலிலே இவர் நம் சாத்திரங்களை நாடினார். தமிழறிவு போதாமையால் நல்லசாமிப் பிள்ளையவர்கள் முதலியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புக்களையே பற்றுக்கோடாகக் கொண்டார்.

கட்டுரையில் மூவகை நடனங்களைப் பிரிக்கின்றார்: கயிலையில் தேவர் சூழ மாலைப்பொழுதில் ஆடுவது, ஈமத்தில் ஆடுவது, தில்லைப் பொன்னம்பலத்தில் ஆடுவது. மூன்றாவதற்கே விரிவுரை செய்கின்றார். உண்மை விளக்கம், திருமந்திரம் முதலியவற்றைத் துணைக்கொண்டு, துடி படைத்தலையும், அமைந்த கரம் காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்குமென்று நிறுவுகின்றார். திருவாசியை இயங்கும் உலகெனவும், அதனுள் நிகழும் இயக்கத்திற்கெல்லாம் காரணம் அக்கூத்தெனவும், கூத்தின் நோக்கம் எண்ணிறந்த உயிர்களைக் கட்டினின்று விடுத்தலெனவும், தில்லை என்பது அடியார் உள்ளமே எனவும் முடிவு கூறுகின்றார். ஒரே உருவத்திற் கலையும் சமயமும் அறிவுநூலும் ஒன்றுபட்டு நிற்றலைக் காட்டியதே அக்கட்டுரையின் வலி. அதுகாறும் பல கைகளையுடைய விகாரவுருவம் என்று கடந்து சென்ற மேனாட்டார் நின்று பார்க்கத் தொடங்கினர். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன், சென்னை நூதனசாலையிலுள்ள நடராசத் திருவுருவங்களின் நிழற்படங்களைக் கண்டு 1913-ல் எழுதிய வியப்புரை, அவர் இறந்தபின் 1921-ல் குமாரசுவாமியின் எழுத்தோடு ஒருங்கே வெளிவந்தது. கட்டுரை 1918-ல் நியூயார்க்கில் வேறு பதின்மூன்று கட்டுரைகளோடு நூலாயிற்று. அந்நூலின் பெயரும் சிவநடனமே. 1922-ல் ரொமேன் ரோலாந்தின் முகவுரையோடு பிரெஞ்சு மொழியிலும் வந்தது. ஜெனீவாவின் அணுநூல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசாங்கம் அளித்த நடராசவுருவம் 2004-ல் நிறுவப்பட்டபோது, அதன் பலகையில் இவர் சொல்லும் இடம்பெற்றது.

இத்துணைப் பெருமை வாய்ந்த கட்டுரையைச் சித்தாந்த நோக்கிற் படிப்பார்க்கு இரண்டோரிடத்துத் தடை நிகழும். கூத்தை விளையாட்டென்னும் பொருளில் இவர் மிகுதியும் அழுத்துகின்றார். சிவஞான சித்தியார் அவ்வாறு கூறுவாருளர் என்பதைக் குறித்து, உயிர்களைத் துன்பத்தினின்று எடுத்தலே ஐந்தொழிலின் கருத்தெனத் தெளிவிக்கும். கட்டு என்பதை மாயையின் மயக்கம் என்ற அளவில் இவர் நிறுத்துகின்றார். ஆணவம் என்னும் மூலமலம் உள்பொருள் என்பதும், அதன் வலியை மெலிவித்தற்பொருட்டே மறைத்தற்றொழில் அருளின்பாற்பட்டதாயிற்று என்பதும் அவர் எழுத்தில் விளங்கவில்லை. தில்லைக்கூத்திற்கு இடையே வங்கநாட்டுக் காளியின் கூத்தும், உருசிய இசைப்புலவர் ஒருவரின் பாட்டும் வந்து கலக்கின்றன. முதனூல்களைத் தமிழிலேயே ஓதியிருப்பின் இவை நேர்ந்திரா என்றே கருதுகின்றோம். இளமையில் நேர்ந்த குறை என யாம் முன்னர்க் கூறியது இதனையே.

அண்மைக்காலத்துக் கலைவரலாற்றாசிரியர் சிலர் வேறொரு தடை கூறுவர். பத்தாம் நூற்றாண்டுத் திருவுருவிற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு உண்மை விளக்கத்தைக் கொண்டு பொருள்கூறல் பொருந்துமோ என்பது அவர் வினா. வினா நேரியதே, சினந்து தள்ளற்பாலதன்று. செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளில் ஆடவல்லான் உருவைத் தென்புறக் கோட்டத்தில் அமைத்த தபதி, ஐந்தொழிற் பொருத்தத்தை இந்நூலின் சொற்களால் எண்ணியிருக்க இயலாது. ஆயினும் காரைக்காலம்மையாரும் அப்பரடிகளும் அத்திருவுருக்களுக்கு நெடுங்காலம் முன்னரே கூத்தினை அருளின் தோற்றமாகக் கண்டு பாடியுள்ளனர். சாத்திரம் புதிதாகப் பொருளைப் புனைந்ததன்று. அடியார் கண்டதை வகைப்படுத்திற்று. இதற்கு விடையிறுக்கத்தக்க காலவாராய்ச்சியை நம்மவர் இன்னும் விரிவாகச் செய்யவேண்டும்.

முதல் உலகப் போர் மூண்டபோது, ஆங்கிலப் படையிற் பணிசெய்ய இவர் உடன்பட்டிலர். 1917-ல் அமெரிக்கா சேர்ந்தார். டென்மன் ராஸ் என்னும் செல்வர் இவர் திரட்டிய ஓவியங்களை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு அளித்தார். காசிக்கென எண்ணப்பட்டவை பாஸ்டனிற் குடிபுகுந்தன. இந்தியக் கலைப்பகுதிக்கு இவரே காப்பாளராயினார். இல்வாழ்க்கையில் நான்குமுறை மணம் புரிந்தார். அதனைப் பற்றி யாம் கூறுதற்கு ஒன்றுமில்லை. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஒரு நண்பரோடு மொழிபெயர்த்து 1917-ல் வெளியிட்டார். இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கலைவரலாற்றை 1927-ல் எழுதினார். புத்தரின் முதல் உருவம் கிரேக்கர் கொடையன்று, மதுரா நகரிலும் இந்நாட்டு யட்சர் உருவின் வழியே தோன்றியது என அவ்வாண்டிலேயே வாதித்தார். 1933 முதல் காப்பாளர் தொழிற்சுமை நீங்கி ஆராய்ச்சியாளராய் அமர்ந்தார்.

அதன்பின் எழுதியன ஆழமானவை. இயற்கையைக் கலை மாற்றுமாறு பற்றி 1934-ல் வெளிவந்த நூலில், சுக்கிரநீதி விதிக்கும் தியானத்தையும், எக்கார்ட் என்னும் செருமானிய ஞானியின் கொள்கையையும் ஒருங்கு வைத்து ஆராய்கின்றார். எல்லாச் சமயங்களின் உள்ளுறையும் ஒன்றே என்னும் முடிபை நோக்கி நாளடைவில் நகர்ந்து, ஏகான்மவாதமே வேதத்தின் கருத்தென்று நிலைபெற்றார். அங்கே அவரோடு நடத்தல் நமக்கு இயலாது. ஆனால் நூதனசாலைகளைப் பற்றி அவர் கூறியதை நாம் செவிமடுத்தல் தகும். நூதனசாலையில் இருந்தே உண்டவர், அதன் குறையை மறைத்தாரல்லர். அங்குள்ள பொருள்கள் காட்சிக்கென்று ஆனவையல்ல. வழிபாட்டிற்கும் வாழ்க்கைக்கும் ஆனவை. பயன் இழந்து அழியாதபடி காத்தலும், எதற்கு ஆயின என்று மக்களுக்கு அறிவுறுத்தலுமே காப்பாளன் கடன் என்பது 1943-ல் வந்த நூலின் சாரம்.

இதன் மறுபுறமும் கூறல்வேண்டும். இவர் எழுத்தால் நடராசத் திருவுருவின் புகழ் உயர்ந்தது. புகழோடு விலையும் உயர்ந்தது. விலையோடு களவும் வந்தது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராசர், பழுது பார்த்தற்கெனக் கொடுத்த இடத்திற் போலியுருவால் மாற்றப்பட்டு, அமெரிக்கா சென்று, 1980-களில் மீண்டார். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2008-ல் ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு 2014-ல் திருப்பியளிக்கப்பட்டார். பத்தூரில் 1976-ல் மண்ணினின்று வெளிப்பட்டுக் கடல்கடந்த பெருமானின் பொருட்டு இலண்டனில் வழக்கு நிகழ்ந்தது. பாழடைந்த அக்கோயிலே வழக்காடும் உரிமையுடையதென ஆங்கில நியாயத்தலம் ஏற்று, 1991-ல் திருவுரு மீண்டது. கோயிலுக்கு உயிருண்டு என்பதை அயல்நாட்டு நீதிபதிகள் ஒருவாறு ஒப்பியமை கருதத்தக்கது.

காவாத கோயிலினும் காக்கும் நூதனசாலை நன்றன்றோ எனின், விடை எளிதன்று. செப்பில் உப்பேறிப் பச்சையாய் அரிக்கும் நோயைத் தீர்க்கச் சென்னை நூதனசாலையில் 1930 முதலே இரசாயனக் கூடம் உளது. நம் கோயில்களிலோ புளியிட்டுத் தேய்த்தே திருமுகத்தின் நுண்மை மழுங்குகின்றது. மீண்டு வந்தனவும் சிற்றூர்களிற் காவலற்றனவுமான திருமேனிகள் பல, இன்று பூசையின்றிக் காப்பறைகளில் வரிசையாக நிற்கின்றன. குமாரசுவாமி கூறிய பயனிழந்த நிலை கடலுக்கப்பால் மட்டும் உளதன்று. திருமடத்தார் ஆளுகையிலுள்ள ஆலயங்களிலேனும் திருவுருக்களின் நிழற்படமும் அளவும் எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒப்புநோக்கும் வழக்கம் வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கின்றோம்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாள் இந்தியா விடுதலை எய்தியதைப் பாஸ்டன் நகரில் இவர் கொண்டாடினார். ஒரு வாரத்தில் எழுபது ஆண்டு நிரம்பியது; நண்பர்கள் விருந்தளித்தனர். அவ்விருந்தில், அடுத்த ஆண்டு மனைவியாரோடு இந்தியா திரும்பி, எழுத்தை நிறுத்தி, இமயச்சாரலில் ஒதுங்கி வாழ எண்ணியிருப்பதைத் தெரிவித்தார். அப்பயணம் கைகூடவில்லை. செப்டம்பர் மாதம் 9-ம் நாள், மாசசூசட்ஸ் நாட்டில் நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்துத் தோட்டத்தில் உயிர் நீத்தார்.